நாலு தடவை எடுத்த சாஸ் ரிப்போர்ட்

சர்வர் கோளாறுக்காக சப்போர்ட்டில் டிக்கெட் போட்ட பத்தாவது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: சாஸ் ரிப்போர்ட் எடுத்து அனுப்புங்கள். லினக்ஸ் சர்வர் பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன பாட்டுதான். ரூட்டாக இருந்து 'சாஸ் ரிப்போர்ட்' என்று அடித்தால் கான்ஃபிக், லாக், ஏகப்பட்ட கட்டளைகளின் அவுட்புட் எல்லாம் ஒரே டார் ஃபைலாக வந்துவிடும். சாதாரணமாகப் பத்து நிமிட வேலை. எனக்கு அது சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கி விடிகாலை மூன்றரைக்கு முடிந்தது.

சர்வரின் நோய் இது: லோட் ஆவரேஜ் (ஓடுகிற, டிஸ்குக்காகக் காத்துக் கிடக்கிற ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) 200க்கு மேல், ஆனால் சிபியு சும்மா கிடக்கிறது. மூன்று நாளாக மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மேனேஜர் "ரீபூட் பண்ணிடலாமே" என்றார். ரிப்போர்ட் எடுக்காமல் ரீபூட் செய்தால் மெமரியில் இருக்கிற சாட்சி எல்லாம் போய்விடும், ஜர்னல் (சிஸ்டம் லாக்) டிஸ்கில் சேமிக்கப்படாத மெஷினாக இருந்தால் லாகும் சேர்ந்து போய்விடும் என்று சொல்லி ஒரு ராத்திரி அவகாசம் வாங்கினேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது, அதற்கப்புறம் செய்ததெல்லாம் சொதப்பல்.

முதல் தடவை என்டர் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். இந்த டூல் எல்லாவற்றையும் /வார்/டிஎம்பியில்தான் சேர்க்கும். முதலில் ஃபைல்களை அப்படியே குவித்து, பிறகு அதைச் சுருக்குவதால் கடைசியில் வரும் ஆர்க்கைவைவிடப் பல மடங்கு இடம் நடுவில் தேவைப்படும். எங்கள் /வாரில் இருந்தது சொற்ப இடம். திரும்பி வந்து பார்த்தால் டிஸ்க் ஃபுல், அதே பார்ட்டிஷனில் லாக் எழுதும் அப்ளிகேஷனும் படுத்துவிட்டது. நோயைப் பார்க்கப் போய் நானே ஒரு அவுட்டேஜை உண்டாக்கினேன். தயவுசெய்து முதலில் டிஎஃப் (டிஸ்கில் மிச்ச இடம் காட்டும் கட்டளை) பார்த்துவிட்டு, இடம் உள்ள டிஸ்கை --டிஎம்பி-டிர் என்று காட்டிவிடுங்கள்.

இரண்டாம் தடவை அப்படியே காட்டினேன். இந்த டூலில் ஒவ்வொரு வகைத் தகவலையும் ஒரு ப்ளக்இன் சேகரிக்கும். எல்லா ப்ளக்இன்னும் வரிசையாக முடிந்து, கடைசியில் 'ரன்னிங்: ப்ராசஸ்' என்பது மட்டும் அசையாமல் நின்றது. ஒரு ப்ளக்இன்னுக்கு 300 விநாடிதான் கெடு, அது முடிந்தால் விட்டுவிட்டு மேலே போய்விடும். எனக்கு அது தெரியும், ஆனால் பொறுமை இல்லை. கன்ட்ரோல்-சி அடித்தேன், மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே இடம். இந்த முறை காத்திருந்தேன், அப்போது பார்த்து விபிஎன் அறுந்தது. டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டூல்) இல்லாமல் ஓட்டியிருந்ததால் செஷனோடு சேர்ந்து எல்லாம் போச்சு.

மூன்றாம் தடவை டிமக்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, கோபத்தில் -என் போட்டு அந்த ப்ராசஸ் ப்ளக்இன்னையே கழற்றிவிட்டேன். ஜம்மென்று முடிந்தது. அனுப்பலாம் என்றால் செக்யூரிட்டி டீமில் இருந்த அக்கா போனில் பிடித்துக்கொண்டார். "ஐபி, ஹோஸ்ட்நேம் எல்லாம் அப்படியே வெளியே போகுதேப்பா?" அவர் சொன்னது நியாயம்தான், டூலே ஆரம்பத்தில் இந்த எச்சரிக்கையைக் காட்டுகிறது, நாம்தான் படிக்காமல் என்டர் தட்டுகிறோம். இதற்கு 'சாஸ் க்ளீன்' என்று தனியாக ஒன்று உண்டு. ஐபி, மேக், ஹோஸ்ட்நேம் எல்லாவற்றுக்கும் புனைபெயர் வைத்துவிடும், ஒரே ஐபிக்கு எல்லா ஃபைலிலும் ஒரே புனைபெயர் என்பதால் படிக்கிறவருக்குக் குழப்பமில்லை. வாடிக்கையாளர் பெயரை அது தானாக அறியாது, --கீவேர்ட்ஸ் கொடுத்து நாம்தான் சொல்ல வேண்டும். எது எதுவாக மாறியது என்ற மேப் ஃபைல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதையும் சேர்த்து அப்லோட் செய்துவிட்டால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. நான் கிட்டத்தட்ட செய்தேன், விரல் பட்டனில் இருக்கும்போதுதான் ஃபைல் பெயரைக் கவனித்தேன்.

அனுப்பி ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: "பிஎஸ் அவுட்புட் இல்லையே? மூன்று நாளுக்கு முந்தைய லாகும் இல்லையே?" பிஎஸ் என்பது ஓடும் ப்ராசஸ்களின் பட்டியல். ப்ராசஸ் ப்ளக்இன்னைக் கழற்றியது நான், அதனால் பிஎஸ் இல்லாதது என் தப்பு. லாக் விஷயம் பலரும் மாட்டுகிற இடம். லாக்குகளுக்கு இயல்பாகவே 25 எம்பி வரம்பு இருக்கிறது, பெரிய ஃபைல் என்றால் கடைசிப் பகுதியை மட்டும் எடுக்கும். கதை தொடங்கிய நாள் வேண்டுமென்றால் --ஆல்-லாக்ஸ், கூடவே --லாக்-சைஸ் 0.

நாலாம் தடவைதான் ஒழுங்காக உட்கார்ந்து டூலின் கையேடான மேன் பேஜ் படித்தேன். ப்ராசஸ் ப்ளக்இன்னில் மாட்டுவது எல்எஸ்ஓஎஃப் (திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை) மட்டும்தான் என்று புரிந்தது. '-கே ப்ராசஸ்.எல்எஸ்ஓஎஃப்=ஆஃப்' என்று அதை மட்டும் அணைத்தால் பிஎஸ் அவுட்புட் பத்திரமாக வந்துவிடுகிறது. ஓட்டினேன், க்ளீன் செய்தேன், செக்சம் சரிபார்த்து அனுப்பினேன். மணி மூன்றரை.

மறுநாள் மத்தியானம் விடை வந்தது. மூன்று நாளுக்கு முன் எங்கள் ஆட்களே ஒரு பழைய பேக்கப் மெஷினை அணைத்திருக்கிறார்கள், அதன் டிஸ்கை நெட்வொர்க் வழியே இந்த சர்வரில் இணைத்திருந்த என்எஃப்எஸ் மவுண்டை எடுக்க மறந்துவிட்டார்கள். கிரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டும் சேவை) இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் டிஎஃப் ஒவ்வொன்றும் அந்த மவுண்டைத் தொட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் 'டி' நிலையில் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது. 'டி' நிலையில் நிற்பதும் சிபியுவைத் தொடாமலே லோடில் ஒன்றாக எண்ணப்படும். கணக்குப் போட்டால் மூன்று நாளுக்கு 216, லோட் சரியாகப் பொருந்துகிறது. எல்எஸ்ஓஎஃப் மாட்டியதும் அதே மவுண்டில்தான். சாயங்காலம் எட்டு மணிக்கே டூல் அந்த இடத்தில் நின்று காட்டிக்கொண்டிருந்தது, நான் அதைத் திட்டியபடி கன்ட்ரோல்-சி அடித்துக்கொண்டிருந்தேன்.