ஸ்கேலும் ரெண்டு நாணயமும்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எறிபொருள் இயக்கத்தில், அதாவது எறிந்த பொருள் காற்றில் போகும் விதத்தில், இடறுவது கணக்கு அல்ல. வேகமாகத் தள்ளிவிட்ட பொருள் தாமதமாகத்தான் தரைக்கு வரும் என்று மனசு அடித்துச் சொல்கிறது. அதைக் கலைக்காமல் போர்டில் சூத்திரம் எழுதிப் பயனில்லை.

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில்தான் டியூஷன். தரை ஆத்தங்குடிக் கல், நாணயம் விழுந்தால் கணீரென்று கேட்கும். இந்தப் பாடத்துக்கு அது பெரிய வசதி. மேசை விளிம்பில் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, வெளியே நீட்டிய முனையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வைப்பேன். ஸ்கேலுக்கும் விளிம்புக்கும் நடுவில், மேசை மேலேயே இன்னொன்று. ஸ்கேலை வெடுக்கென்று தட்டினால் முனையில் இருந்தது நேரே கீழே விழும், மற்றது தெறித்துத் தள்ளிப் போய் விழும். கண்ணை மூடிக் கேளுங்கள் என்பேன். ஒரே சத்தம்.

"இன்னும் ஓங்கித் தட்டினா, மிஸ்?" என்றான் ஒருவன். நீயே தட்டு என்றேன். நாணயம் வாசல்படி வரை போனது, சத்தம் அப்போதும் ஒன்றுதான்.

மேசை 80 செ.மீ. உயரம், விழ ஏறக்குறைய 0.4 வினாடி. கிடைத்தளத் திசைவேகம், அதாவது பக்கவாட்டு வேகம், வினாடிக்கு 2 மீட்டர் என்றால் 80 செ.மீ. தள்ளி விழும், 4 மீட்டர் என்றால் 1.6 மீட்டர் தள்ளி. நேரம் மாறாது. புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது, செங்குத்துத் திசைவேகம் ஒவ்வொரு வினாடியும் 9.8 மீ/வி கூடுகிறது. பக்கவாட்டில் இழுக்க எதுவுமில்லை. காற்றை விட்டுவிட்டால் கிளம்பிய வேகமே கடைசி வரை. இப்படி இரண்டையும் பிரித்துப் பார்த்துத்தான், பாதை பரவளையம் என்ற வளைகோடு என்று கலிலியோ 1638-ல் வெளியான நூலில் காட்டினார்.

அப்புறம் மேல்நோக்கி எறிவது. வேகம் 20 மீ/வி, தரையோடு கோணம் 60 டிகிரி. கிடைத்தளத்தில் 10, செங்குத்தில் 17.3. உச்சியில் வேகம் சுழியம் என்று பாதிப் பேர் எழுதுவார்கள். செங்குத்து மட்டும்தான் சுழியம், பந்து அங்கேயும் 10 மீ/வி வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டையும் தனித்தனியாக எழுத வைக்கிறேன். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

சரி, அதே வேகத்தில் 30 டிகிரியில் எறிந்தால்? காற்றில் இருக்கும் நேரம் 3.5 வினாடியிலிருந்து 2-க்குக் குறைகிறது, கிடைத்தள வேகம் 17.3 ஆகிறது. பெருக்கினால் இரண்டு கோணத்துக்கும் பந்து போய் விழும் தூரம் ஏறக்குறைய அதே 35 மீட்டர். இதை மட்டும் நான் போட்டுக் காட்டுவதில்லை, அவர்களே போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.