அழுத்தித் தேய்த்தால்தான் ஃபேஷியலா?

யாழ்ப்பாணத்தில் பார்லர் வேலைக்கு வந்த பிறகு நான் அதிகம் கேட்டது, "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்கோ அக்கா" என்பதைத்தான். காசு கொடுக்கிறவர்களுக்கு ஊத்தை கழன்று வருவது கண்ணுக்குத் தெரியவேண்டும். பீலிங் ஜெல்லுக்கு இருக்கும் மவுசு அதனால்தான். பூசி உருட்டினால் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு விழும், படுத்திருப்பவருக்குப் பரம திருப்தி. விழுவதில் பெரும்பகுதி அந்த ஜெல்தான், தோல் கொஞ்சம்தான். இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும் என்பதால் கேட்டால் மட்டும் சொல்வேன்.

தோல் தன் பாட்டிலேயே உதிர்கிறது. அடியில் உருவாகும் கலம் மேலே வந்து, காய்ந்து, உதிர்ந்து போக இளவயதில் ஏறத்தாழ 28 நாள் ஆகும். வயது ஏற ஏற அது இழுபடும், அதனால்தான் முகம் மங்கலாகத் தெரிகிறது. மேலே கிடக்கும் அந்த இறந்த படலம் வெறும் ஊத்தை இல்லை. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கும் வேலி அதுதான். நாங்கள் எடுக்க வேண்டியது உதிரத் தயாராக இருப்பதை மட்டும். மிச்சத்தையும் சேர்த்துச் சுரண்டினால் எரிவும் வறட்சியும் வரும். எங்களைப் போன்ற மாநிறத் தோலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: புண்பட்ட இடம் கறுத்துப்போய், மறைய மாதக்கணக்காகும்.

ஒருமுறை ஒரு தாய் மகளைக் கூட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமை கலியாணம், வந்தது வியாழன் பின்னேரம். "பிள்ளையின்ர முகம் பளிச்செண்டு வரவேணும், நல்லா ஸ்க்ரப் பண்ணிவிடுங்கோ" என்றார். கன்னத்தைத் தொட்டாலே பிள்ளை நெளிந்தாள். விசாரித்தால், வீட்டில் தேசிக்காய்ப்புளியும் சீனியும் கலந்து தேய்க்கிறார்களாம்.

தேசிக்காய் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. அதன் புளிப்பு தோலுக்கு மிகக் கடுமை. அதைவிட மோசம், அதிலுள்ள சில பொருட்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். ஓரிரு நாளில் சிவந்து கொப்பளித்து, பிறகு கருந்தழும்பாக நிற்கும். சீனிக் கட்டியின் கூர் முனை வேறு கீறும்.

"அன்ரி, இப்ப தேய்ச்சால் ஞாயிற்றுக்கிழமை மேக்கப்பே நிக்காது."

"அப்ப என்னத்துக்கு நாங்கள் வந்தனாங்கள்?"

நியாயமான கேள்விதான். மென்மையாகக் கழுவி, ஈரப்பதன் கிரீம் பூசி அனுப்பினேன். தாய்க்கு அவ்வளவு பிடிக்கவில்லை. கலியாணப் பொம்பிளைகளுக்கு இந்தத் தேய்க்கும் வேலையைக் குறைந்தது ஒரு கிழமைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம். முகத்தை நனைத்து, மாவைப்போல நைசாக உள்ள ஸ்க்ரப்பை விரல் நுனியால் அரை நிமிடம் மெல்ல வட்டமாக ஓட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவினால் போதும். துவாயால் ஒற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது. ஈரம் காயமுன் கிரீம். கிழமைக்கு ஒருமுறை, எண்ணெய் வடியும் முகமென்றால் இரண்டுமுறை. பயத்தம் மா பூசுகிறவர்கள் நன்றாக அரித்துப் பூசட்டும், ஆனால் காயவிட்டு உரசி எடுக்க வேண்டாம். சீழ் வைத்த பருவின் மேலும், புருவம் எடுத்த அன்று அந்த இடத்திலும் எதுவுமே வேண்டாம்.

எனக்குத் தேய்ப்பதைவிட, இறந்த தோலைத் தளர்த்தி உதிரவைக்கும் அமிலங்களில்தான் நம்பிக்கை. எண்ணெயில் கரைவதால் சலிசிலிக் அமிலம் துவாரத்துக்குள் இறங்கும், பருக்காரருக்கு அது. வறண்ட தோலுக்கு லாக்டிக். கிளைகோலிக் சின்ன மூலக்கூறு, வேகமாக இறங்கும், கவனமும் அதிகம் வேண்டும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் கிளைகோலிக், லாக்டிக் வகைகளில் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். இவ்விரண்டும் தோலை வெயில் தாங்காததாக்கும், நிறுத்திய பிறகும் ஒரு கிழமை அது இருக்கும். மத்தியானம் ஸ்கூட்டரில் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியால் போகிறவர் சன்ஸ்கிரீன் பூசாமல் இதைத் தொடவே கூடாது.

கட்டிலில் படுக்கவைக்குமுன் நான் தவறாமல் கேட்பது, "என்ன கிரீம் பூசுறனீங்கள்?" என்பது. பருவுக்கு ரெட்டினாய்டு (விற்றமின் ஏ வகை மருந்து) பாவிப்பவர் சில நாட்களாவது நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும். பெயர் விபரம் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம் என்றால் இன்னும் பயம். அப்படியானவற்றில் ஸ்டீரொய்ட்டோ பாதரசமோ கலந்திருப்பது உண்டு. ஸ்டீரொய்ட்டால் மெலிந்த தோலில் ஸ்க்ரப் பட்டால் உடனே சிவந்துவிடும். அவர்களைத் தோல் வைத்தியரிடம்தான் அனுப்புவேன். இறந்த தோலை எடுப்பதால் யாரும் வெள்ளையாவதில்லை, மேற்பரப்பு சீராகி வெளிச்சம் நன்றாகப் படும், அவ்வளவுதான்.

நல்லூர்த் திருவிழா நெருங்கும்போதுதான் பெரிய இழுபறி. வடிவாகப் போக வேண்டும் என்று எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். 25 நாளும் வெயிலில் நிற்கப்போகிறவர்களுக்கு அமிலம் எதையும் நான் பூசுவதில்லை. "திருவிழா முடிய வாங்கோ" என்பேன். சிலர் சரி என்பார்கள். சிலர் வேறு பார்லரில் செய்துகொண்டு, எரியுது என்று என்னிடம் வருவார்கள்.