துரையின் கைக்குட்டை

2025 ஜூன் 1, ஞாயிறு, ஹட்டன்

விடிந்ததிலிருந்து மழை. ஆனாலும் நான்கு பேரும் வந்துவிட்டார்கள்: தம்பி, அக்கா மகள், பக்கத்து லயத்து அண்ணன், கொழும்புப் புடவைக்கடையிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாகப் பேசி நடிக்கும் ஆட்டம் எங்களுடையது. நான் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறேன். இன்றைய வில்லனை இருபது நிமிடத்தில் அடித்துத் துவைத்துவிட்டு, பிளேன்டீ எங்கே என்று கேட்டார்கள். இவர்களுக்கு அடித்து வெல்ல முடியாத ஒருவன் வேண்டும்.

படுக்கும்போது மேக்ஸ்வெல் லார்ட் நினைவுக்கு வந்தான். 1987இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ காமிக்ஸின் முதல் இதழில் அறிமுகமான வியாபாரி. பேச்சாலேயே நாயகர்களைக் கூட்டிச் சேர்த்தவன். பிறர் மனத்தை வளைக்கும் சக்தி பிறகுதான் அவனுக்குக் கிடைத்தது. அதைப் பயன்படுத்தினால் மூக்கில் இரத்தம் வடியும். 2005இல் அவனை முழுக் கொடியவனாக்கினார்கள். சூப்பர்மேனையே பொம்மையாக ஆட்டினான். அவனை நிறுத்த வொண்டர் வுமன் அவன் கழுத்தை முறித்தாள். எனக்கு அந்த மூக்கு இரத்தத்தின் மேல்தான் கண்.

ஜூன் 8, ஞாயிறு

படுதோல்வி.

நாங்கள் ஆடுவது ‘மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ மூன்றாம் பதிப்பு. அதில் மனக்கட்டுப்பாடு வெறும் கணக்கு. சக்தியின் தரம் 10 என்றால், அதிலிருந்து தப்ப, பகடையில் விழும் எண்ணும் தன் வீரனின் மனவுறுதியும் சேர்ந்து 20 வர வேண்டும். கொஞ்சம் குறைந்தால் திகைப்பு. இன்னும் குறைந்தால் பாதி அடிமை. மூன்றாம் படிக்கு இறங்கினால் முழு அடிமை. எங்கள் இருபது முகப் பகடை போன மாதம் பலகை இடுக்கில் விழுந்து தொலைந்ததால், பால்மாத் தகரத்தில் எண் எழுதிய அட்டைகளைப் போட்டுக் குலுக்குகிறோம். தம்பி எடுத்த அட்டையில் 3. அவன் மனவுறுதி 6. முழு அடிமை.

அதன்பிறகு அவனுடைய வீரனை நான் ஓட்டினேன், அவன் கச்சான் உரித்தான். முக்கால் மணி நேரம். தன் வீரன் அண்ணனின் வீரனைக் கிணற்றில் தள்ளியபோதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. போகும்போது, “இதற்கு நான் எதற்கு அண்ணா? தகரமே போதுமே,” என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

டியூஷன் தாள் திருத்தினேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கரண்ட் இல்லை. அப்பாயி அடுப்பங்கரையில் உட்கார்ந்து, தன் தகப்பனார் சொன்ன பெரிய கங்காணிக் கதையை ஆரம்பித்தார். ஊரில் ஆள் பிடிக்க வந்தவர் யாரையும் கட்டி இழுத்து வரவில்லையாம். முன்பணம் கொடுத்தார், கம்பளி கொடுத்தார், “தம்பி, மாமா” என்று முறை வைத்துக் கூப்பிட்டார். எல்லாம் கணக்கில் ஏறியது. தோட்டம் மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும்: இந்த ஆளின் கடன் இவ்வளவு, கட்டுகிறவர் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எழுதிய சீட்டு. 1921இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அப்பாயிக்கு வருடம் தெரியாது. கம்பளியின் நிறம் மட்டும் தெரியும். கறுப்பு.

மேக்ஸ்வெல் லார்டுக்கு இந்த மலையில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

ஆட்டம் இல்லை. அண்ணனுக்குக் காய்ச்சல். உட்கார்ந்து வில்லனைத் திருத்தினேன். பெயர் துரை, அவ்வளவுதான். மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையை வாங்கியவன். எதையும் முதலில் கேட்பான், கொடுப்பான். சக்தியைக் கடைசியில்தான் தொடுவான். தொட்டால் மூக்கில் இரத்தம், அது எல்லோர் கண்ணிலும் படும்.

வசப்பட்டவரின் வீரனை இனி நான் ஓட்டப்போவதில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் நால்வருக்கும் மடித்த துண்டு ஒன்று கொடுப்பேன். எழுத்து இருந்தால் அதன்படி நடக்க வேண்டும், ஆனால் நடிப்பது அவர்களே. மீற நினைத்தால் தகரத்தைக் குலுக்கலாம். வெற்றுத் தாள் என்றால் இஷ்டம்போல் ஆடலாம். யாரும் யாருக்கும் காட்டக் கூடாது.

ஜூலை 6, ஞாயிறு

என் பழைய வெள்ளைக் கைக்குட்டையில் தாள் திருத்தும் சிவப்பு மையை இரண்டு சொட்டு விட்டு, ஈரம் காய்வதற்குள் மடித்து வைத்திருந்தேன். துரை நால்வருக்கும் ஜீப் கொடுத்தான், சீருடை கொடுத்தான், மாதச் சம்பளம் பேசினான். மச்சான் ஓவர்டைம் உண்டா என்று கேட்டார். விளையாட்டில்! துரை சிரித்துவிட்டு, மூக்கைத் துடைத்தபடி உண்டு என்றான். கைக்குட்டையை விரித்து மேசையில் வைத்தேன். அக்கா மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது துண்டுக்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. தொழிலாளர்கள் உள்ளே இருக்கும்போதே தம்பி தொழிற்சாலைக் கதவைப் பூட்டினான். அண்ணன் அவர்களுடைய மனுவை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மச்சான் காவலுக்கு நின்றார். கேட்டால் மூவருக்கும் ஒரே பதில்: “துண்டில் இருக்கிறது, என்ன செய்ய?”

ஜூலை 10, வியாழன், போயா (பௌர்ணமி) விடுமுறை

விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். அக்கா மகள் எழுந்து, தகரத்தைக் குலுக்கி, 17 எடுத்தாள். அவள் மனவுறுதி 8. “துரை, உங்கள் கைக்குட்டையைக் காட்டுங்கள்,” என்றாள்.

மச்சானுக்குப் பழைய கதை தெரியும். கழுத்தை முறித்தால் எல்லோரும் விடுபடுவார்கள் என்றார். அவள் மறுத்தாள். யார் யார் வசப்பட்டிருக்கிறோம் என்று முதலில் தெரியட்டும், துண்டுகளை மேசையில் வையுங்கள் என்றாள். நான் தலையாட்டினேன்.

முதலில் தன்னுடையதை விரித்தாள். ‘கைக்குட்டையைப் பற்றிப் பேசாதே’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அடுத்து அண்ணனுடையது. வெள்ளை. மச்சானுடையதும் வெள்ளை. சம்பளம் நன்றாக இருந்தது, அதுதான் என்று முனகினார்.

தம்பி தன் துண்டை விரிக்கவே இல்லை. கதவைப் பூட்டியவன் அவன். அதை இன்னும் சின்னதாக மடித்துக் கச்சான் பைக்குள் போட்டுக்கொண்டு, “மணி என்ன?” என்று கேட்டான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.