கிளட்ச் பிடியில் ஒரு வாரம்

42 வயதில் கியர் வண்டி கற்றுக்கொள்ளப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மெல்ல மெல்ல விடும்போது, செயின் இறுகி வண்டி நகரத் தொடங்கும் அந்த இடத்தை இடக்கை அடையாளம் கண்டுகொள்ளும் வரை, பயிற்சி தந்த அக்கா எங்களை அடுத்த பாடத்துக்கு விடவில்லை; அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்லி மாளாது. எட்டுப் போடும்போது முன்சக்கரத்தைப் பார்த்தால் கால் தரையில் ஊன்றிவிடுகிறது, திரும்ப வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டியும் அங்கே செல்கிறது. முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று சிறுவயது முதல் கேட்டு வந்தது தவறு என்பதும், பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்தும் வலு பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது என்பதும் இப்போதுதான் புரிந்தது. பழகுநர் உரிமம் பெற்று 30 நாட்கள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வு. அதுவரை தினமும் காலையில் மைதானத்தில் இருப்பேன்.