ஸ்பிளைஸ் போட்டாச்சுன்னு அப்படியே ஏறிராதிய

வள்ளியூர், திசையன்விளை பக்கம்லாம் இப்ப மரம் கழிக்கிறவங்க ரோப், இடுப்புல மாட்டுற ஹார்னஸ்னு வாங்க ஆரம்பிச்சிட்டாவ, வீட்டு மேல சாஞ்சு நிக்க வேம்புல அருவாளோட வெறுங்காலா ஏறுறத விட இது ஆயிரம் மடங்கு தேவலாம். ஆனா கயித்து முனையில ஸ்பிளைஸ் பண்ணி, அதாவது முடிச்சு போடாம முனையை மடக்கி கயித்துக்குள்ளயே சொருகி, ஒரு கண்ணு (வளையம்) வந்துட்டா வேலை முடிஞ்சுன்னு நினைக்காவ பாருங்க, அங்கதான் எனக்கு கொஞ்சம் சொல்லணும்.

முதல்ல கயிறு என்னன்னு பாருங்க. கடையில எல்லாத்தையும் நைலான் கயிறுன்னுதான் குடுப்பாவ. ஒரு துண்டை வாளித் தண்ணில போடுங்க, நைலானும் பாலியெஸ்டரும் முங்கும், மிதந்தா அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலின், நம்மூரு வெயில்ல சீக்கிரம் நொறுங்கிப் போற சாமான், அதுல ஆளு ஏறக்கூடாது. மலையேறுறவங்க வச்சிருக்க உறை போட்ட கயித்துல நாமளா ஸ்பிளைஸ் போடுற வேலையே வேண்டாம், 8 மாதிரி வளைச்சுப் போடுற எட்டு முடிச்சு போதும். முடிச்சு போட்டா பலம் 20-லருந்து 40 சதவீதம் வரைக்கும் குறையும், ஸ்பிளைஸ்ல 10 சதவீதம் அளவுக்குத்தான் போகும், அதுவும் ஒழுங்கா போட்டாத்தான்.

முப்புரி கயிறுக்கு வித்தை ரொம்ப இல்ல, முனையில மூணு புரியையும் பிரிச்சு கயித்துப் புரிக்கு இடையில சொருகிட்டே போவணும். உவரி, இடிந்தகரை கடக்கரையில நின்னா பேசிக்கிட்டே போடுதவங்களப் பாக்கலாம். தேங்காநாரு மாதிரி சொரசொரப்பான கயிறுன்னா மூணு சுத்து சொருகுனாலே பிடிச்சுக்கிடும், நைலான் வழுக்கும், அஞ்சு சுத்தாவது வேணும். கடைசி சுத்துல புரியில பாதி நாரை வெட்டிட்டு ஒல்லியாக்கி முடிக்கணும், திடீர்னு மொத்தமா நின்னா அந்த இடத்துலதான் கயிறு மடங்கி தேயும்.

பின்னல் கயிறுதான் ஆளை ஏமாத்தும். அதுல வாலை, அதாவது கயித்தோட முனையை, பின்னலுக்கு உள்ள நுழைச்சு புதைக்கோம், பாரம் இழுக்கும்போது வெளிப்பின்னல் நீண்டு ஒல்லியாகி உள்ள இருக்கதை இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு நீளம் புதைக்கணும்னு கயிறு செஞ்ச கம்பெனி தாளுல போட்டிருப்பான், கண்ணளவு வேண்டாம். இதெல்லாம் சரி, பாரமே இல்லாதப்ப? மூட்டைல கட்டி பைக்ல குலுங்கும்போது, கிளை வழியா உருவும்போது, பிடி தளர்ந்து வால் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். அதுக்குத்தான் லாக் தையல்.

எங்க சித்தப்பா பனையேறி. பனையேறும்போது கால்ல மாட்டுற தளைநாரை விட்டா வேற எதையும் நம்பாத ஆளு. என் கயித்த வாங்கிப் பாத்துட்டு, "இது என்னடே, கயித்துக்குப் போயி தையலு போட்டிருக்க, இதா உன்னத் தாங்கப் போகுது?"ன்னாரு. "இல்ல சித்தப்பா, நூலு பாரத்தைத் தாங்காது, வாலு நகராம நிறுத்தத்தான்"னு சொன்னேன். "அப்ப சும்மா கெடக்கும்போதுதான் கள்ளத்தனம் பண்ணும்னு சொல்லு"ன்னாரு. அதேதான்.

கண்ணு முடிஞ்சு கயிறு ஒண்ணா சேருத இடத்துல ஆரம்பிங்க. ஊசி வெளிப்பின்னலையும் உள்ள இருக்க வாலையும் சேத்துத் துளைச்சு அந்தப்பக்கம் போவணும், சும்மா மேலாப்புல தைக்கிறது தையலே இல்ல. கொஞ்ச தூரம் போயிட்டு விட்ட இடைவெளில திரும்பி வரணும், அப்புறம் கயித்தை கால்வாசி திருப்பி இன்னொரு வரிசை. வெடுக்குன்னு இழுத்து இறுக்காதிய, இறுக்குனா பின்னல் சுருங்கி பாரம் ஒரு பக்கமா விழும். மெழுகு தடவின பாலியெஸ்டர் நூலு, அதுவும் கயித்துக்கு வேற கலர்ல எடுங்க, ஒரு தையல் அறுந்தாலும் கீழ நின்னே தெரியும். இந்த காரணத்துக்காகவே எனக்கு அதுமேல இன்சுலேஷன் டேப் சுத்துறதப் பாத்தா எரிச்சலா வரும், அழகாத்தான் இருக்கு, உள்ள என்ன நடக்குன்னு எவனுக்குத் தெரியும்.

வெட்டின முனைக்கு கயித்து தடிமன் அளவுக்கு, இல்ல ஒண்ணரை மடங்கு அகலத்துக்கு நூல் சுத்தி, ஊசியால உள்ளயும் ரெண்டு கோர்வை விட்டுருங்க. லைட்டர்ல உருக்குறது கடைசி நுனிக்கு மட்டும், உருகி கெட்டியான முனை பக்கத்து நாரை அறுக்கும். டைனீமாங்கிற ரொம்ப பலமான பிளாஸ்டிக் நாரு கயிறுன்னா நெருப்பே வேண்டாம், 150 டிகிரி வாக்குலயே உருகிரும்.

முடிச்சதும் தாழ்ந்த கிளைல மாட்டி, காலு தரைக்கு எட்டுத உயரத்துல தொங்கிப் பாருங்க, அப்புறம் தளர விட்டு குலுக்கிட்டு வாலு நகந்திருக்கான்னு பாருங்க. ஸ்பிளைஸ் புதுசா பழகுறவங்க ஏறுற கயித்துல பழகாதிய, தயாரிப்பாளரே கண்ணு போட்டு விக்கிறத வாங்குங்க, விலைதான் கூட. கயிறு தேஞ்சு போச்சுன்னா முதல்ல அந்தக் கண்ணை வெட்டி எறிஞ்சிருங்க, இல்லன்னா நல்லாத்தான இருக்குன்னு எவனாவது எடுத்துட்டு மரமேறிருவான். மிச்ச கயிறு ஆடு கட்ட ஆகும்.