பருப்பு வேகும் தண்ணீர்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு வேதாரண்யம் பக்கம் போன தொண்டு நிறுவனங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஊர் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது, இனி தன் காலில் நிற்குமா என்று வருடம் ஒரு முறை அளந்து எழுதுவது என் பொறுப்பு.

அளக்க ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். முதல் வருடம் அதில் ‘தூர்வாரிய குளங்கள்: 3’ என்று நிரப்பினேன். பொய்யில்லை, மூன்றையும் வெட்டியது உண்மை. ஆனால் தை பிறந்தபோது ஒரு குளத்தில்தான் தண்ணீர் நின்றது. மற்ற இரண்டுக்கும் வரத்து வாய்க்கால் மண்மூடிக் கிடந்தது. வாய்க்காலைப் பற்றிப் படிவத்தில் கேள்வியே இல்லை என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. அளக்கிற விஷயத்துக்குத்தான் பணமும் ஆளும் போகும் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

அந்த மாசியில் அடிபம்புத் தண்ணீரைச் சோதிக்கக் கையடக்க மீட்டரோடு தெருத்தெருவாகப் போனேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கீழத்தெரு பம்பு இரண்டாயிரத்துக்குக் கீழேதான் காட்டியது. ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த மிஷினு என்னம்மா சொல்லுது?” என்றார். சொன்னேன். “அப்படியா? இங்க வந்து பாரு” என்று அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அலுமினியப் பானையின் உள்பக்கம் வெள்ளையாக உப்பு படிந்து, நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. கொதிக்கும் தண்ணீரில் துவரம்பருப்பு உருண்டை உருண்டையாகப் புரண்டுகொண்டிருந்தது. ஒன்றை எடுத்து என் விரலில் வைத்தார். நசுக்கினேன், இரண்டாகப் பிளந்ததே தவிர மசியவில்லை. “ஒரு மணி நேரமா எரியுது. கீழத்தெரு பம்புல எப்பவும் வேவாது. கோயில் பம்புல பங்குனி வரைக்கும் வேவும். அப்புறம் லாரித் தண்ணிதான்” என்றார்.

கடல்நீர் ஏறிய நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடிவிடும். அவை பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் பருப்பு இளகாது. என் மீட்டரோ மொத்த உப்பு எவ்வளவு என்றுதான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. அக்காவின் ஒரு வாக்கியத்தில் எந்த பம்பு, எந்த மாதம், விறகுச் செலவு, லாரிக்காகக் காத்திருக்கும் நேரம் எல்லாமே இருந்தது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மக்கள் 1990-களில் தங்கள் ஊரின் நிலையை அளந்து காட்டும் குறிகாட்டிகளைத் தாங்களே கூடிப் பேசித் தேர்ந்தெடுத்தபோது, முட்டையிட ஓடைக்குத் திரும்பிவரும் சால்மன் மீன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஓடை, கரையோரக் காடு, ஊரின் கழிவுநீர் இத்தனையும் சரியாக இருந்தால்தான் அந்த மீன் திரும்பும். எங்கள் ஊருக்குப் பருப்பு அப்படி. ஐ.நா. 2015-ல் வகுத்த 17 நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கு 230-க்கும் மேற்பட்ட குறிகாட்டிகள் இருக்கின்றன. நாட்டோடு நாட்டை ஒப்பிட அவை வேண்டும்தான். ஆனால் ஓர் ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள, அந்த ஊர்க்காரர்கள் தினமும் கையாளும் ஒன்று வேண்டும்.

இரண்டாம் வருடம், எதையெல்லாம் அளப்பது என்று ஊரே முடிவு செய்ய ஊர்க்கூட்டம் போட்டோம். ஒவ்வொரு பம்பிலும் எந்த மாதம் பருப்பு வேகாமல் போகிறது என்பது முதலில் வந்தது. அடுத்தது, ஆற்றுத் தண்ணீர் ஊர் மதகைத் தொடும் நாள். 2020-ல் எட்டு வருடம் கழித்து வழக்கமான தேதியான ஜூன் 12 அன்றே மேட்டூர் அணையைத் திறந்தார்கள். அது எல்லாச் செய்தியிலும் வந்தது. கடைமடைக்கு என்றைக்கு வந்தது என்பதை ஊர்தான் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவதில் சண்டையே வந்தது. நடவு மிஷின் வந்த பிறகு தங்களுக்கு எத்தனை நாள் வேலை போனது என்பதை எழுத வேண்டும் என்றார்கள் நடவுக்குப் போகும் பெண்கள். மிஷினால் செலவு எவ்வளவு குறைந்தது என்பதையும் எழுது என்றார்கள் நிலம் வைத்திருப்பவர்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் எழுதினேன். எல்லாவற்றையும் கூட்டி ஊருக்கு ஒரே மதிப்பெண் போடச் சொன்னது எங்கள் அலுவலகம். முடியாது என்று சொல்லிவிட்டேன். கூட்டினால் அந்தப் பெண்கள் இழந்த நாட்கள் மற்றவர் லாபத்தில் கரைந்து காணாமல் போயிருக்கும்.

அப்புறம் வரத்து வாய்க்கால்களையும் வெட்டினோம். மற்ற இரண்டு குளங்களிலும் தண்ணீர் நின்றது. 2022-ல் கோயில் பம்பில் பங்குனி தாண்டியும் பருப்பு வெந்தது. ஆனால் 2021-ல் மழை மிக அதிகம். வாய்க்காலாலா, மழையாலா என்று ஒரு வருடத்தை வைத்துச் சொல்லக் கூடாது. அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

அந்த வருடமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போன சித்திரையில் அக்கா போன் பண்ணினார். பேரன் படிப்பு, ஆடு குட்டி போட்டது எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது சொன்னார்: “கோயில் பம்பு இன்னும் வேவுதும்மா. எழுதிக்க.”