ஆரூரில் பிறந்தவள்

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. அப்பாவுக்கு ஊர் சேலம் பக்கம். வளர்ந்தது, படித்தது, வேலை பார்ப்பது எல்லாம் சென்னை. பிறந்தது மட்டும் திருவாரூர். தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு போயிருந்தார். மூன்றாம் மாதமே என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு அம்மாச்சி காலமெல்லாம் பெருமை பேசினார். "உனக்கென்னடி, நீ ஆரூர்ல பொறந்தவ. சுந்தரமூர்த்தி நாயனாரே உனக்கு அடியேன்னு பாடி வச்சிருக்கார்."

தில்லையைத் தரிசித்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி, ஆரூரில் பிறந்தால் முக்தி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். முதல் இரண்டுக்கும் நாம் ஏதாவது செய்ய வேண்டும். மூன்றாவது தானாக வந்து சேர்வது. சிறுவயதில் அதை நான் ஒரு பட்டம் மாதிரி தலையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாச்சி போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போன தை மாதம்தான் மகளை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போக வாய்த்தது. முதல் நாள் சிக்கலில் முருகனைப் பார்த்துவிட்டு நாகப்பட்டினத்தில் தங்கினோம். மறுநாள் காலை திருவாரூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். என் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். காலடியில் அன்னக்கூடை நிறைய மீன், மேலே ஈரச் சாக்கு. ஐஸ் உருகிய தண்ணீர் மெல்ல என் செருப்புப் பக்கம் வந்தது. கோயிலுக்குப் போகிறோமே என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினேன். அதை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கூடையைக் காலாலேயே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கீழ்வேளூரில் இறங்கிப் போய்விட்டார்.

கமலாலயக் கரையில் இறங்கியதும் மகள் வாயடைத்து நின்றாள். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று ஊர்க் கணக்கு. வேலி என்பது பழைய நில அளவு. குளத்து நடுவில் தீவு மாதிரி நாகநாதர் கோயில். உள்ளே மூலவர் புற்றிடங்கொண்டாரைக் கும்பிட்டோம்; நின்றுகொண்டே இருக்கும் நந்தியையும், ஒரே வரிசையாக நிற்கும் நவக்கிரகங்களையும் பார்த்தோம். தியாகராஜர் சன்னதியில் முகம் மட்டும்தான் தரிசனம். மற்றதெல்லாம் பூவும் பட்டும். மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதம், பங்குனி உத்திரத்தில் மறுபாதம், அவ்வளவுதான் காட்டுவார். இந்த மறைப்பில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட முடியாத சாமி.

அப்புறம் அறநெறி சன்னதிக்கு வந்தோம். பெரிய கோயிலுக்குள்ளேயே தனிக்கோயில். சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக, கல்லால் கட்டிய கோயிலாக எடுத்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அகல் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நாயன்மார்களில் ஒருவரான நமிநந்தி அடிகள் நெய் கிடைக்காமல், குளத்துத் தண்ணீரை மொண்டு வந்து விளக்கேற்றியது இங்கேதான். அந்தக் கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள், அதற்கடுத்த பகுதி நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

ஒருநாள் ஆரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளுகிறார். எல்லாச் சாதியாரும் கலந்த பெருங்கூட்டம். நமிநந்தியும் கூடப் போகிறார். இரவு ஏமப்பேறூரில் தன் வீட்டுக்குத் திரும்பியவர் உள்ளே நுழையவில்லை. கண்டவர்களோடும் உரசிக்கொண்டு வந்திருக்கிறேன், குளித்துவிட்டுத்தான் பூசைக்கு வர வேண்டும், தண்ணீர் கொண்டு வா என்று மனைவியிடம் சொல்கிறார். அலுப்பில் அப்படியே கண்ணயர்கிறார். கனவில் பெருமான் வந்து, ஆரூரில் பிறந்தவர்கள் எல்லாரும் நம் கணங்கள், நாளை வந்து நீயே பார் என்கிறார். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் தெருவில் நடப்பவர் அத்தனை பேரும் சிவ வடிவம். தெருவிலேயே விழுந்து கும்பிடுகிறார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பழையபடி சாதாரண மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

என் புடவை முந்தானை இன்னும் இடுப்பில் செருகியபடியே இருந்தது.

இந்தக் கதையை அம்மாச்சி எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டதெல்லாம் 'ஆரூரில் பிறந்தவர்கள்' என்ற இடத்தை மட்டும்தான். குளிக்கத் தண்ணீர் கேட்டு வாசலில் நின்ற அந்த மனிதர் யார் என்று யோசித்ததே இல்லை. அவரைக் கெட்டவர் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லவில்லை. தண்ணீரில் விளக்கெரித்த அடியார் அவர். அவருக்கே அந்தப் பாடம் தேவைப்பட்டிருக்கிறது.

அம்மாச்சிக்கு ஒரு பழக்கம். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். கீரைக்காரி, சலவைக்காரர், சாக்கடை எடுக்க வந்தவர், எல்லாரும் 'வாங்க, உட்காருங்க'தான். தண்ணீர் கேட்டால் நாங்கள் குடிக்கும் அதே சொம்பில்தான் கொடுப்பார். அந்தத் தெருவில் அது சாதாரணக் காரியம் இல்லை. அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தால், "ஆரூர்க்காரவங்கடி, யாரு எவருன்னு நமக்கென்ன தெரியும்" என்பார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. உலகத்தை எப்படிப் பார்ப்பது என்பதை அவர் இந்த ஒரு கதையிலிருந்துதான் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு அறநெறி வாசலில்தான் உறைத்தது. அதே கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வெறும் பட்டம்.

தேவாசிரிய மண்டபத்துப் பக்கம் போய் உட்கார்ந்தோம். விதானத்தில் முசுகுந்தச் சோழன் கதையை ஓவியமாகத் தீட்டி, கீழே தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு இந்த இடம் சுந்தரரால்தான் பெரிது. இங்கே கூடியிருந்த அடியார்களை வணங்காமல் அவர் உள்ளே போனதாகக் கருதி, விறன்மிண்டர் என்ற அடியார் அவரை ஏற்க மறுத்துவிட்டார். அதன் பிறகு வந்ததுதான் அடியார்களை ஒவ்வொருவராக வணங்கி அவர் பாடிய திருத்தொண்டத்தொகை. போனை எடுத்து மகளுக்கு அந்தப் பதிகத்தை வாசித்துக் காட்டினேன். குயவர், வேடர், வண்ணார், பாணர், அரசர் எல்லாருக்கும் அடியேன், அடியேன் என்று வந்துகொண்டே இருந்தது.

"விரிதிரைசூழ் கடல்நாகை அதிபத்தர்க்கு அடியேன்."

"நாகைன்னா நம்ம காலையில பஸ் ஏறின ஊரா?" என்றாள் மகள். ஆமாம், அதே நாகப்பட்டினம். அதிபத்தர் அங்கே வலை வீசிய பரதவர். நாள்தோறும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஒரு மீனே கிடைத்த நாட்களிலும், அது பொன்மீனாகக் கிடைத்த நாளிலும் விட்டார். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது.

'திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்' என்ற வரி வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். "அப்போ நான்? நான் சென்னையில பொறந்தேனே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதிகத்தில் இருந்தது. அதற்கடுத்தே முப்போதும் திருமேனி தீண்டுவார், முழுநீறு பூசிய முனிவர், உடனே 'அப்பாலும் அடிச்சார்ந்த அடியார்க்கும் அடியேன்'. அப்பாலும் என்றால், மூவேந்தர் ஆண்ட தமிழ்நாட்டுக்கு அப்பால் இருப்பவர்களும், இங்கே சொன்னவர்களின் காலத்துக்கு முன்னும் பின்னும் வருபவர்களும் என்று சேக்கிழார் விரிக்கிறார். ஊர்ப் பெயரைச் சொன்ன வாயாலேயே, அடுத்த மூச்சில் எல்லையையும் எடுத்துவிட்டார் சுந்தரர்.

"சரி, அப்போ நானும் இருக்கேன்" என்றாள், கணக்குச் சரியாக வந்த மாதிரி.

சாயரட்சை என்கிற மாலைப் பூசை வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் தேவர்கள் அத்தனை பேரும் வருவதாக ஐதீகம். கூட்டம் நெருக்கியது. முன்னால் நின்ற பெரியவரின் வியர்வை என் தோளில் பட்டது. நான் ஒதுங்கவில்லை. தீபம் காட்டும்போது ஒருகணம் சுவாமியை விட்டுவிட்டு, அந்த வெளிச்சம் விழுந்த முகங்களைப் பார்த்தேன்.

நாகைக்குத் திரும்பும் பஸ்ஸில் வியாபாரம் முடித்து வீடு திரும்பும் மீன்காரம்மா இரண்டு பேர் ஏறினார்கள். காலையில் பார்த்தவர் இல்லை. நான் நகர்ந்து இடம் விட்டு, "வாங்கம்மா, உட்காருங்க" என்றேன். ஒருவர் கூடையை எங்கே வைப்பது என்று தயங்கி நின்றார். "குடுங்க" என்று என் மகள் கையை நீட்டி, அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.